பதில்: 'கேதரிங் பீஸ்காட்ஸ்' ஆட்டத்தில் எந்த சைடிங் சரி?

'கேதரிங் பீஸ்காட்ஸ்' என்ற பழைய ஆங்கில நாட்டுப்புற நடனத்தில், ஜோடி ஒருவரையொருவர் நோக்கி வந்து திரும்பும் 'சைடிங்' என்ற அசைவு நீங்கள் பார்த்த இரண்டு வீடியோக்களில் இரண்டு விதமாக இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 17ஆம் நூற்றாண்டுப் பாணிக்கு நெருக்கமாக ஆட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் இரண்டாவது வீடியோதான். ஜோடி எதிரெதிரே வந்து, தோளுக்குத் தோள் நின்று, அப்படியே பின்வாங்க வேண்டும். முதல் வீடியோவில் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறுவது, இந்தப் பழைய நடனங்களை மீட்டெடுத்த செசில் ஷார்ப் வகுத்த முறை.

குழப்பம் மூலநூலிலேயே இருக்கிறது. இந்த ஆட்டம் வரும் ஜான் பிளேஃபோர்டின் 1651 நடனத் தொகுப்பு, ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கான நினைவுக்குறிப்பு மாதிரி. சைடிங் செய் என்பதோடு சரி; எப்படி என்ற விளக்கமே கிடையாது. ஷார்ப் 1911இல் இந்த ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிட்டபோது அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய நாட்டுப்புற நடனச் சங்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பேட் ஷா போன்ற பிற்கால நடன ஆர்வலர்கள் மாற்று விளக்கம் சொன்னதெல்லாம் அப்புறம்தான். (பார்க்க அழகு என்னவோ ஷார்ப் முறைதான்!)

மற்ற வீடியோக்களில் எது என்று தெரிய, நான்காவது அடியில் நிறுத்திப் பாருங்கள். ஜோடி பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பழைய பாணி. இடம் மாறியிருந்தால் ஷார்ப். இசையை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டுக்கும் எட்டு அடிதான்.

ஒன்று மட்டும்: புதுக் குழுவில் ஆடப் போனால் அங்கே எது வழக்கம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒருவர் கடந்துபோக, மற்றவர் நின்றால் மோதல்தான்.