ஈரோட்டில் மொட்டை மாடியில் வைத்த கடல்நீர்ப் பவளத் தொட்டி சூடாகிறது, என்ன செய்யலாம்?

முதலில் மாடியிலிருந்து இறக்குங்கள். பகலில் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரியும் விடும். வீட்டின் கிழக்குச் சுவரோரம் வைத்து, மேலே பசுமை வலை கட்டினால் பிற்பகல் வெயில் விழாது. பவளத்துக்கு 25-27 டிகிரி சுகம். 30 தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்க ஆரம்பிக்கும்.

சித்திரையில் நம்ம பக்கத்துக் காற்று காய்ந்து கிடப்பது இங்கே பெரிய உதவி. நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் ஓடவிட்டால் ஆவியாதலே 2-3 டிகிரி குறைத்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் இது இவ்வளவு எடுபடாது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். தண்ணீர் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். உப்புத்தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டவே வேண்டாம். வெயில் 40-ஐத் தொடும் நாட்களில் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் மெஷின்) இல்லாமல் சமாளிப்பது சிரமம். அப்புறம், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும்; கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.