கேள்வி – பதில்: ஷிராஸுக்குச் சம்பல் ஆகாது

கேள்வி: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வேலை செய்யும் என் மகன், அந்நகருக்கு அருகிலுள்ள பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் சிவப்பு ஒயினில் இரண்டு போத்தல்கள் கொண்டுவந்தான். தீபாவளியன்று ஒன்றை இறால் சம்பலோடு அருந்தினோம். வாய் எரிந்தது, நாக்கு வறண்டது, மது நெடியே தூக்கலாக இருந்தது. ஒயின் கெட்டுவிட்டதா? மற்றதை எப்படிச் சுவைப்பது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கெட்ட ஒயினில் காடியின் புளிப்போ நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையோ வீசும், நீங்கள் அவற்றைச் சொல்லவில்லை. குற்றம் சம்பலுடையது, ஓரளவு நம் ஊர் வெயிலுடையதும்கூட. பரோசா ஷிராஸில் மதுவின் அளவு பெரும்பாலும் 14 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மிளகாயின் காரம் தூண்டும் அதே நரம்பு முனைகளை மதுவும் தூண்டுவதால், இரண்டும் சேரும்போது எரிச்சல் கூடுகிறது. நாக்கு வறண்டதற்குக் காரணம் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின். அது உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து வழவழப்பைப் போக்கிவிடுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்கும் இடம் கொடுத்த நமக்கு, கடுமையாக ஊறிய தே ஓ (பாலில்லாத் தேநீர்) குடித்தவர்களுக்கு, இந்த உணர்வு புதிதன்று.

இத்தகைய கனமான ஒயினை 16 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பரிமாற வேண்டும். ‘அறை வெப்பநிலை’ என்று சொன்னவர்கள் குளிர்நாட்டார். அவர்கள் அறை வேறு, நம் அறை வேறு. ஆகவே போத்தலை ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்து, கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். கறுத்துப் பழுத்த பழ வாசனைக்குப் பின்னால் மிளகு வாசனை மெல்ல எட்டிப் பார்க்கலாம். அது கற்பனையல்ல: ரோட்டண்டோன் என்னும் ஒரே மணப்பொருள்தான் கருமிளகிலும் ஷிராஸிலும் இருக்கிறது. பின்னர் ஒரு மிடறை வாயில் சற்று நேரம் நிறுத்தி விழுங்குங்கள்.

உணவைப் பொறுத்தவரை என் தேர்வு, மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகு தூக்கலாக வைத்த, கொழுப்போடு கூடிய ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்க, ஒயினின் பழச்சுவை மேலெழும். தேங்காய்ப்பாலில் இறைச்சியை வற்றவைக்கும் ரெண்டாங்கும், காரம் குறைந்திருந்தால் பொருந்தும். நெத்திலி, கருவாடு வேண்டாம். ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சையைக் கிளப்பும். அதிரசத்தோடு அருந்தினால் ஒயின் புளிப்பும் கசப்புமாகத் தோன்றும்.

மிஞ்சியதை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.