பால் மறந்த முயல் குட்டிகளுக்குத் தீவனம்: வாசகர் கேள்விகள்

தாயிடம் இருக்கும்வரை நன்றாக இருந்த குட்டிகள், பிரித்த ஒரு வாரத்தில் வயிறு உப்பிக் கழிந்து செத்துப்போகின்றன. தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் நிறையவே வைக்கிறோம். ஏன் இப்படி?

நிறைய வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். பால் குடிக்கும்வரை, தாய்ப்பாலிலிருந்து குட்டியின் வயிற்றில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கும். பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடும். பெரிய முயலின் இரைப்பையில் உள்ள கடும் அமிலமோ குட்டிக்கு இன்னும் முழுதாகச் சுரந்திருக்காது. இந்த நேரம் பார்த்து மக்காச்சோளம், கம்பு, குருணை என்று மாவுச்சத்தை அள்ளி வைத்தால், செரிக்காத மிச்சம் பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையில் போய்ப் புளிக்கும். அங்கே கிளாஸ்டிரிடியம் என்ற கிருமி பெருகி நச்சு உண்டாக்கும். காலையில் பார்த்தால் குட்டி செத்துக் கிடக்கும்.

அவசரப்பட்டு 28 நாளில் பிரிக்காதீர்கள். 5 முதல் 6 வாரம் தாயோடு இருக்கட்டும். பிரிக்கும்போது தாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், குட்டிகள் பழகிய கூண்டிலேயே இருக்கட்டும். 3 வார வயதிலிருந்து தாயின் தட்டில் எதைக் கொறித்துப் பழகினவோ, அதே தீவனத்தையே இன்னும் ஒரு வாரமாவது தொடருங்கள். இடமும் தீவனமும் தாயும் ஒரே நாளில் மாறினால் குட்டி தாங்காது.

600, 700 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு அடர்தீவனம் 50 கிராம், பசுந்தீவனம் 150 கிராம் போதும். அடர்தீவனத்தை இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். முயல் இரவில்தான் அதிகம் தின்னும் என்பதால் பெரிய பங்கு மாலையில். காய்ந்த புல் மட்டும் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். குடலை ஓட வைப்பது நார்ச்சத்துதான்.

எந்தப் பசுந்தீவனம் நல்லது? ஈரப்புல் ஆகாது என்கிறார்களே?

வேலிமசால், குதிரைமசால், முயல்மசால், அகத்தி, முருங்கை, மல்பெரி இலை எல்லாம் நல்லவை. மசால், அகத்தி போன்ற பயறுவகைத் தழையாகவே கொடுக்காமல் பாதிக்குப் பாதி புல் கலந்துகொள்ளுங்கள். சூபாபுல் மரத்தின் தழையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் கொஞ்சமாகப் போதும். முட்டைக்கோஸ் வாயு சேர்க்கும், இந்த வயதில் வேண்டாம். எந்தப் புதுத் தழையையும் முதல் நாள் நாலைந்து இலையோடு நிறுத்துங்கள்.

ஈரத்தைவிட எனக்குப் பயம், குவியலாகக் கிடந்து சூடேறிய புல்தான். வெட்டியதும் நிழலில் பரப்பி வாடவைத்துக் கொடுங்கள்.

குட்டி தன் புழுக்கையையே தின்கிறது. தீவனம் போதவில்லையா?

அது இயல்பு. திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு வரும் அந்த மெத்தென்ற புழுக்கையில் பி வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. ஆசனவாயிலிருந்து நேரே வாயில் எடுத்து விழுங்கிவிடும். அது தின்னப்படாமல் கூண்டில் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அடர்தீவனம் கூடிப்போயிருக்கும், குறையுங்கள்.

கோழித் தீவனம் கொடுக்கலாமா?

கூடாது. நார் மிகக் குறைவு. கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் அப்படியே. முகர்ந்து பார்த்துச் சிக்கு வாடை அடித்தால் விலை போனால் போகிறதென்று தூக்கிப் போடுங்கள்.

கழிச்சல் கண்டால் உடனே என்ன செய்வது?

அடர்தீவனத்தையும் பசுந்தழையையும் நிறுத்தி, காய்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் மட்டும் வையுங்கள். அந்தக் குட்டியைத் தனிக்கூண்டுக்கு மாற்றி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் ரத்தக்கழிச்சல் நோயும் அதிகம் வரும், சாணத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். கைக்குக் கிடைத்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அது குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று முயலையே கொல்லும். மற்ற குட்டிகளுக்குப் பரவாமலிருக்க, தரை கம்பிவலையாக இருக்கட்டும், தீவனத் தட்டைப் புழுக்கை விழாத உயரத்தில் பக்கவாட்டில் மாட்டுங்கள்.