எரிமலையே இல்லாத இத்தாலிய ஊரான ஆக்வி தெர்மேயில் 75 டிகிரி வெந்நீர் எப்படி வருகிறது? ஊரின் வரலாறு என்ன? போனால் குளிக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவில் இருக்கும் ஊற்றில் குளிக்க முடியாது, கை வைக்கவும் கூடாது. 'பொல்லெந்தே' என்ற அந்த ஊற்றின் பெயருக்கே 'கொதிக்கிறது' என்றுதான் அர்த்தம். தண்ணீர் வெளியே வரும்போது 74.5 டிகிரி செல்சியஸ். 60 டிகிரி நீரே சுமார் 5 விநாடியில் தோலை வேகவைத்துவிடும். 70-ஐத் தாண்டினால் ஒரு விநாடிகூடத் தேவையில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள், சதுக்கம் பார்க்கச் சாதாரணத் தெருக் குழாயடி மாதிரிதான் இருக்கும்.

இந்த ஊரின் 2,000 வருடக் கதை முழுவதும் ஒரே பிரச்சினையைச் சுற்றித்தான் ஓடுகிறது: தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் அப்படியே பயன்படுத்த முடியாத சூடு. அதை எப்படி ஆற்றுவது?

முதலில் இடம். வடமேற்கு இத்தாலியில் பியமோந்தே மாநிலம், அலெஸ்ஸாண்ட்ரியா மாவட்டம். போர்மிதா ஆற்றின் இடது கரையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில், மொன்ஃபெர்ராத்தோ திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே ஊர் உட்கார்ந்திருக்கிறது. மக்கள்தொகை 20,000-க்குச் சற்றுக் குறைவு. நிர்வாகப்படி பியமோந்தே என்றாலும், தெற்கே மலையைத் தாண்டினால் ஜெனோவா துறைமுகம். அதனால் சாப்பாட்டிலும் பேச்சிலும் ஜெனோவா இருக்கும் லிகூரியா மாநிலத்தின் வாடை தூக்கலாகவே இருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது? வெந்நீர் ஊற்று என்றதும் எல்லோரும் எரிமலையைத் தேடுவார்கள். இங்கே எரிமலை கிடையாது, அடியில் மாக்மாவும் கிடையாது. தெற்கே இருக்கும் மலைகளில் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக மெல்ல இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சராசரியாக 30 டிகிரி சூடு கூடும். இது இந்த ஊருக்கு மட்டும் உள்ள விசேஷம் இல்லை, கண்டங்களில் பெரும்பாலான இடங்களில் இதே கணக்குதான். மேலே 12 டிகிரி என்றால் 3 கிலோமீட்டர் ஆழத்தில் 100 டிகிரி ஆகிவிடும்.

அப்படியானால் ஏன் எல்லா ஊரிலும் வெந்நீர் வருவதில்லை? மேலே ஏறி வரும் வேகம்தான் காரணம். மெதுவாக ஏறினால் சுற்றியுள்ள பாறை சூட்டை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரைக் குளிர்ந்த ஊற்றாக்கிவிடும். ஆக்வியில் நிலப்பிளவுகள் நேராக மேலே வருகிற குழாய் மாதிரி அமைந்திருக்கின்றன. தண்ணீர் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. இதற்கு அங்கேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'பாஞ்ஞி' என்ற பகுதியில் வேறு பல ஊற்றுகள் உண்டு. அவை சூடானவைதான், ஆனால் பொல்லெந்தே அளவுக்கு இல்லை, வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் அவற்றில் கலந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், ஊர் எல்லையிலேயே 'ஆக்வா மார்ச்சா' என்று ஒரு கந்தக ஊற்று இருக்கிறது, தொட்டால் ஜில்லென்றிருக்கும். அந்தப் பெயருக்கு 'அழுகிய தண்ணீர்' என்று அர்த்தம். முகர்ந்து பார்த்தால் பெயர்க் காரணம் கேட்கமாட்டீர்கள்.

பொல்லெந்தேயில் நிமிடத்துக்கு சுமார் 560 லிட்டர் வருகிறது, அதாவது நாளுக்கு 8 லட்சம் லிட்டர். பம்ப் எதுவும் இல்லை, தானாக வருவது. உப்பு (சோடியம் குளோரைடு), கந்தகம், கொஞ்சம் புரோமின், அயோடின் எல்லாம் கரைந்திருக்கின்றன. முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடால் வருவது. வெள்ளி மோதிரம், கொலுசு போட்டிருந்தால் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலம் போட்டுவிடும், அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி வரலாறு. ரோமர்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் லிகூரியர்களில் ஒரு பிரிவான ஸ்தாதியெல்லி மக்கள். கி.மு. 173-இல் ரோமக் கான்சல் (அந்த ஆண்டின் உச்ச ஆட்சியாளர்களில் ஒருவர்) மார்க்குஸ் போப்பிலியுஸ் லாயினாஸ் அவர்களைத் தாக்கினார். போரில் தோற்று நிபந்தனையில்லாமல் சரணடைந்த பிறகும் ஊரை இடித்து, ஆட்களை அடிமைகளாக விற்றார். இதில் அபூர்வமான விஷயம், ரோம செனட்டே இதைத் தப்பு என்று சொன்னது. விற்றவர்களை மீட்டு விடுவிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. கான்சல் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு சண்டை முற்றி, விசாரணை வரைக்கும் போய், கடைசியில் அதிகார வட்டத்தின் தயவில் அவர் தப்பித்துக்கொண்டார். மீட்கப்பட்டவர்களில் பலரை போ ஆற்றுக்கு வடக்கே குடியேற்றினார்கள். வரலாற்றாசிரியர் லிவி இதை விவரமாகவே எழுதியிருக்கிறார். தோற்றவர்களின் பெயர்தான் பிறகு ரோம ஊருக்கும் வந்தது: 'ஆக்வே ஸ்தாதியெல்லே', ஸ்தாதியெல்லிகளின் தண்ணீர். 'ஆக்வே' தேய்ந்துதான் 'ஆக்வி' ஆனது. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, தண்ணீரால் உருவான ஊர்களுக்கு உதாரணம் சொல்லும்போது நேப்பிள்ஸ் பக்கத்துப் புத்தெயோலி, பிரான்ஸின் எக்ஸ் ஆகியவற்றோடு இந்த ஊரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

போர்மிதா பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றுப்படுகையில் வரிசையாகக் கல்தூண்கள் தெரியும், சிலவற்றின்மேல் இன்னும் வளைவுகள் நிற்கின்றன. ரோமர்கள் கட்டிய நீர்ப்பாலம் அது. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வெந்நீரைக் கொண்டுபோகக் கட்டியது என்று நினைத்துவிடுகிறார்கள். தலைகீழ்! அது பச்சைத்தண்ணீருக்காகக் கட்டியது. எர்ரோ என்ற சிற்றாற்றிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டி, ஆற்றின்மேல் பாலம் போட்டு, வெந்நீர் ஊற்றெடுக்கும் ஊருக்குக் குளிர்ந்த நீரைக் கொண்டுவந்தார்கள்.

ஏன் அவ்வளவு பாடு? கணக்கு போட்டுப் பாருங்கள். குளிக்க 38 டிகிரி வேண்டும். ஊற்று நீர் 75 டிகிரி, ஆற்று நீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர் தொட்டிக்கு 38 லிட்டர் ஊற்று நீரும் 62 லிட்டர் ஆற்று நீரும் தேவை. அதாவது வெந்நீரைவிடப் பச்சைத்தண்ணீர்தான் அதிகம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஊற்று நீர் உதவாது, உப்பும் நாற்றமும். ரோமர் காலக் குளியல் தொட்டி ஒன்றின் மிச்சத்தைக் கோர்ஸோ பாஞ்ஞி தெருவின் தூண்வரிசை நடைபாதைக்குக் கீழே இன்றும் பார்க்கலாம். காபி குடிக்கப் போகிற அவசரத்தில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

இப்படிக் கலப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. சூடு குறையும்போது உப்பும் கந்தகமும் சேர்ந்தே பாதிக்கும் கீழே நீர்த்துப்போகும். அதனால் சிகிச்சை என்று வரும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றாமல், தொட்டியில் தேக்கி ஆறவைப்பது அல்லது சூட்டை வேறு நீருக்கு மாற்றிக் குறைப்பது என்ற வழிகள்தான் சரி. திறந்த தொட்டியில் ரொம்ப நேரம் ஆறவிட்டால் கந்தக வாயு பறந்துவிடும், அதிலும் கவனம் வேண்டும்.

இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால், ஊர் கிறிஸ்தவ ஆயர்களின் (பிஷப்புகளின்) கையில் இருந்தது, பிறகு மொன்ஃபெர்ராத்தோ பிரபுக்களான பாலியோலோகோஸ் வம்சம், 1536 முதல் மந்துவாவின் கொன்சாகா குடும்பம், 1708-இல் சவோய் அரசு. ஆயர் குயிதோ 1067-இல் அர்ப்பணித்த பேராலயம் இன்றும் நிற்கிறது. அங்கே ஒரு பொக்கிஷம் உண்டு: 15ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் பார்த்தொலொமே பெர்மேஹோ வரைந்த மொன்செர்ராத் அன்னை முப்பலகை ஓவியம். வலென்சியாவில் வியாபாரம் செய்த ஆக்விக்காரர் ஒருவர் வரையச் சொல்லிக் கொண்டுவந்தது. எப்போது போனாலும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றைய ஊரின் தோற்றம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஊர் மேயராக நீண்டகாலம் இருந்த ஜுசெப்பே சராக்கோ பின்னர் 1900–1901-இல் இத்தாலியின் பிரதமரே ஆனார். பொல்லெந்தேயைச் சுற்றியிருந்த நெரிசலான பழைய தெருக்கள், யூதர் குடியிருப்பு உட்பட, அந்தக் காலத்துச் சீரமைப்பில் பெரிதும் மாறின. ஊற்றின்மேல் இப்போது நிற்கும் எண்கோணப் பளிங்கு மண்டபம் 1879-இல் ஜொவான்னி செரூத்தி வடிவமைத்தது. குளிர்கால விடியலில் பார்க்க வேண்டும். சதுக்கத்துக் கற்களில் உறைபனி படிந்திருக்க, மண்டபத்துக்குள்ளிருந்து ஆவி அடர்த்தியாகக் கிளம்பித் தூண்களை மறைத்துக்கொண்டு மேலேறும். கோடை மத்தியானத்தில் அதே ஊற்று வெறும் குழாய்த் தண்ணீர் மாதிரி தெரியும், சூடு கொஞ்சமும் குறைந்திருக்காது. கோடையில்தான் ஆட்கள் ஏமாந்து கையை நீட்டுகிறார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு வட்டார மொழியில் 'ஸ்கயெந்தோ' என்று பட்டப்பெயர், வெந்நீர் பட்டவர்கள் என்று சொல்லலாம். பிறந்த குழந்தையை இந்த ஊற்றில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்களாம், தாங்கினால்தான் அசல் ஊர்க்காரர்! கதைதான், அதை யாரும் செய்து பார்த்துவிட வேண்டாம்.

பெயரில் ஒரு குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். 1956 வரை ஊரின் பெயர் வெறும் 'ஆக்வி', அதன் பிறகுதான் 'தெர்மே' (வெந்நீர்க் குளியலிடம்) சேர்ந்தது. இணையத்தில் 'ஆக்வி' என்று தேடினால் போர்ச் செய்திகள் முன்னால் வரும். அது இந்த ஊர்ப் பெயர் தாங்கிய இத்தாலியப் படைப்பிரிவு. 1943 செப்டம்பரில் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவில் ஆயுதத்தை ஒப்படைக்க மறுத்ததற்காக ஜெர்மன் படை அவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவர்கள் நினைவாக இந்த ஊர் 1968 முதல் வரலாற்று நூல்களுக்கு ஒரு விருது கொடுத்துவருகிறது.

சேற்றுச் சிகிச்சை பற்றியும் பலர் கேட்பதுண்டு. களிமண்ணை வெந்நீரிலேயே பல மாதம் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிறார்கள். அதில் பாசியும் நுண்ணுயிர்களும் வளர்ந்த பிறகுதான் சேறு 'பழுத்தது' என்று கணக்கு. 45 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக உடம்பில் அப்பி 15–20 நிமிடம், பிறகு கழுவிவிட்டு 37–38 டிகிரி குளியல், பிறகு போர்த்திப் படுத்து வியர்க்கவிடுவது. மூட்டுத் தேய்மானத்துக்குத்தான் முக்கியமாகப் பரிந்துரைப்பார்கள். வலி கொஞ்சம் குறையும், தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. இத்தாலியர்களுக்கு மருத்துவர் சீட்டு இருந்தால் வருடத்துக்கு ஒரு சுற்று, 12 தடவை, அரசு மருத்துவத் திட்டத்தில் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணிக்குக் கைக்காசுதான். ஒருநாள் போய் ஒருதடவை சேறு பூசிக்கொண்டு வருவதில் பெரிய பலன் கிடையாது என்பது என் கருத்து. இதயக் கோளாறு, சமீபத்தில் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தது, காய்ச்சல், வீங்கிச் சிவந்த மூட்டு, கர்ப்பம் என்றால் கிட்டேயே போகாதீர்கள். சூடு ரத்தக் குழாய்களை விரிக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவது அப்படித்தான்.

ஊற்று எப்போதும் ஓடும், குளியல் நிலையங்கள் அப்படி இல்லை. பருவம், பராமரிப்பு, நிர்வாக மாற்றம் என்று மூடிக் கிடக்கலாம். எது திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே அறை போடுங்கள். ஆற்றில் குளிக்கும் யோசனையும் வேண்டாம். ஆறு வரும் வழியில் மேலே இருக்கும் செங்கியோ ஊரில் ஒரு ரசாயன ஆலை நூறு வருடத்துக்கு மேல் கழிவை விட்டு போர்மிதாவைச் சாகடித்திருந்தது. 1999-இல் மூடியபின் ஆறு நிறையத் தேறியிருக்கிறது என்றாலும், நான் கரையோடு நிறுத்திக்கொள்ளத்தான் சொல்வேன்.

போகும் வழி: ஜெனோவாவிலிருந்து நேரடி ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஆகும். மிலானிலிருந்து வந்தால் அலெஸ்ஸாண்ட்ரியாவில் மாறலாம். ஜெனோவா பாதை மலைக்குள் போகும் ஒற்றைத் தண்டவாளம். மராமத்துக் காலத்தில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நேரம் கூடுதலாகும். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் மேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும், மறந்தால் அபராதம். நிலையத்திலிருந்து பொல்லெந்தேக்கு நடை தூரம்தான். அங்கிருந்து கோர்ஸோ பாஞ்ஞி வழியாகப் பாலம் வரை நடந்தால் நீர்ப்பாலத்தையும் பார்த்துவிடலாம், அரை நாள் போதும்.

பசித்தால் 'ஃபரினாத்தா' கேளுங்கள். கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு, ஆலிவ் எண்ணெய். மாவைக் கரைத்துச் சில மணி நேரம் வைத்து, நுரையை எடுத்துவிட்டு, அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. முட்டை, பால் எதுவும் கிடையாது, சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பால்கட்டி மாதிரி மெத்து. ஆறினால் ரப்பர் ஆகிவிடும், அதனால் பார்சல் வாங்காமல் கடையிலேயே நின்று சாப்பிடுங்கள்.

குடிப்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரிலேயே 'பிராக்கெத்தோ தாக்வி' என்ற இனிப்புச் சிவப்பு ஒயின் உண்டு. 1996-இல் இத்தாலியின் உச்சத் தர முத்திரை பெற்றது. ரோஜா வாசம், கொஞ்சம் நுரை. ஆல்கஹால் குறைவுதான், ஆனால் சூடான குளியல் முடித்த கையோடு வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரமாவது போகட்டும்.