இரண்டு பால் பைத்தானை ஒரே தொட்டியில் விடலாமா?

கேள்வி: நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான ‘பால் பைத்தான்’ (ball python) ஒன்றை மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறேன். ஆண், இரண்டரை வயது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நண்பர், தன்னுடைய பால் பைத்தானையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பெண் என்று சொல்லித்தான் வாங்கினாராம். இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாமா? தனியாகக் கிடக்கும் பாம்புக்கு ஒரு துணையாகவும் இருக்குமே. வீட்டில் இன்னொரு தொட்டிக்கு இடமில்லை. அம்மா இருக்கிற ஒன்றுக்கே முணுமுணுக்கிறார்கள். நடுவில் தடுப்பு வைத்தால் போதுமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. தடுப்பும் வேண்டாம். இரண்டு பாம்புக்கு இரண்டு பெட்டி வேண்டும். இடப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் ‘துணை’ விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் இரண்டு பால் பைத்தான்களை ஒருவர் என்னிடம் கொண்டு வந்தார். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஏறக்குறைய ஒரே வயது. “ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சுத்திக்கிட்டுத்தான் சார் படுத்திருக்கும், அவ்வளவு பாசம்” என்றார். தராசில் வைத்தேன். ஒன்று 1,340 கிராம், இன்னொன்று 610. சின்னதைக் கையில் எடுத்தால் முதுகெலும்பு கூரை முகடு மாதிரித் தட்டுப்பட்டது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்குத் துவாரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்து உடைந்தது. தொட்டியில் ஹீட் மேட், அதாவது சூடு தரும் மின்விரிப்பு, ஒன்றுதான். பெரியது அதன் மேல் படுத்துவிடும். சூடு வேறெங்கும் கிடைக்காததால் சின்னது அதன் மேலேயே ஏறிச் சுருண்டுகொள்ளும். அவர் பாசம் என்று பார்த்தது இதைத்தான். எலி வைத்தால் காலையில் காணவில்லை, ஆகவே இரண்டும் சாப்பிடுகின்றன என்றே அவர் நினைத்திருந்தார்.

அவர் அக்கறையில்லாதவர் அல்ல. தினமும் தண்ணீர் மாற்றியிருக்கிறார், தொட்டி சுத்தமாக இருந்தது. ஆனால் பட்டினி கிடக்கும் நாய் கத்தும், பாம்பு கத்தாது. இரண்டு பாம்பு ஒரே இடத்தில் இருந்தால் எது சாப்பிட்டது, எது கக்கியது, கழிவு எதனுடையது, அதில் இரத்தம் கலந்திருந்தால் எதற்கு வியாதி, ஒன்றும் தெரியாது. பாம்பின் உடம்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவலே இவ்வளவுதான். அதையும் நாமே கலைத்துவிட்டால் மருத்துவர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது? என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இரை விழுங்கியதும் சூடான பக்கம் போகும், செரித்ததும் குளிர்ந்த பக்கம் நகரும். அந்தச் சூடான இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றதற்கு இரை செரிக்காது, நோய் எதிர்ப்பும் குறையும். கார்த்திகை, மார்கழியில் நம் ஊர் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நுரையீரல் தொற்று வருவது இப்படித்தான்.

பால் பைத்தான் கூட்டமாக இருக்க விரும்பும் என்று சொல்லும் ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். 2024-ல் கனடாவில் இருந்து வெளிவந்த ஆய்வு அது, நல்ல ஆய்வுதான். இளம் பால் பைத்தான்களைப் பெரிய அடைப்பில் பத்து நாள் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கொரு மறைவிடம் இருந்தும் அவை ஒரே மறைவிடத்தில் போய்ச் சேர்ந்து படுத்தன. பாம்பு முழுக்க முழுக்கத் தனிமைப் பிராணி என்று இத்தனை நாள் நாங்கள் சொல்லி வந்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவை இளம் பாம்புகள், இடம் பெரியது, காலம் பத்து நாள். உங்கள் மூன்றடித் தொட்டியில் வளர்ந்த இரண்டு பாம்பு இன்னும் இருபது வருடம் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. பால் பைத்தான் நன்றாக வளர்த்தால் 20 முதல் 30 வருடம் வாழக்கூடியது.

இனி இரை. பாம்பின் பற்கள் எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்தவை. கடித்ததை விட வேண்டும் என்று நினைத்தால்கூட எளிதில் விட முடியாது. ஒரே எலியை இரண்டு பாம்பு இரண்டு முனையிலிருந்து பிடித்தால், விழுங்கிக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொள்ளும். அப்புறம் பெரியது சின்னதன் தலையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும், இல்லையென்றால் சுற்றி நெரிக்கும். தனித்தனியாக எடுத்து இரை கொடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறேன் என்பார்கள். வாயிலும் உடம்பிலும் எலி வாசனையோடு ஒன்றைக் கொண்டுபோய் மற்றதன் பக்கத்தில் போடுவது எப்படிப் பாதுகாப்பாகும்? இரை எடுத்த பாம்பைக் கையாண்டால் கக்கிவிடும் அபாயம் வேறு. இரண்டு நாளாவது தொடக் கூடாது.

நண்பருடையது பெண் என்கிறீர்கள். கடையில் சொன்ன பாலினத்தை நம்ப வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள். இரண்டும் ஆணாக இருந்தால் மல்லுக்கட்டும். நம் பக்கத்து வயல்காட்டில் சாரையும் நல்ல பாம்பும் பின்னி ஆடுகின்றன என்று சொல்லி வெள்ளை வேட்டியைப் போடுவார்கள் இல்லையா? பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. காட்டில் தோற்றது ஓடிப் போய்விடும். தொட்டியில் எங்கே ஓடும்?

நிஜமாகவே பெண் என்றால் சிக்கல் வேறு மாதிரி. ஆண் விடாமல் துரத்தும். 1,500 கிராம் எடைகூட வராத பெண் முட்டை வைத்தால் உடம்பு கரைந்துவிடும், முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. முட்டை வைத்த பால் பைத்தான் இரண்டு மாதம் போல அதைச் சுற்றிக்கொண்டே கிடக்கும், அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது. குட்டிகள் பொரிந்தால் அவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

நோயைப் பற்றி அதிகம் பயமுறுத்தவில்லை, மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பாம்பு உண்ணி. கசகசா அளவில் கறுப்பாக இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கறுப்புப் பொடி மாதிரிக் கிடந்தாலோ, பாம்பு ஓயாமல் தண்ணீருக்குள் கிடந்தாலோ கண்ணோரமும் தாடைக்கு அடியிலும் பாருங்கள். இரண்டு, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. கழிவு வழியாகப் பரவி இரைப்பையைத் தடிக்க வைத்துவிடும், பாம்பு கக்கிக் கக்கி மெலியும். நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை, பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. மூன்று, பைத்தான்களின் மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோ வைரஸ். 2014-ல்தான் இதை அடையாளம் கண்டார்கள். வெளியில் ஒரு குறியும் காட்டாமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும் பாம்புகள் உண்டு. அதனால்தான் புதிதாக வரும் எந்தப் பாம்பையும் குறைந்தது 90 நாள் தனி அறையில் வைக்கச் சொல்கிறோம். பழைய பாம்பை முதலில் கவனித்துவிட்டு, பிறகு புதியதைத் தொடுங்கள். இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி.

தடுப்பு ஏன் கூடாது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றடியை இரண்டாக வெட்டினால் ஆளுக்கு ஒன்றரை அடி. அதற்குள் சூடான முனையும் குளிர்ந்த முனையும் அமையாது. உண்ணிக்குத் தடுப்பு ஒரு பொருட்டே இல்லை. பாம்பு தலையை நுழைக்க ஓர் இடுக்குக் கிடைத்தால் போதும், இரவோடு இரவாக நெம்பித் தள்ளிவிடும்.

வேறு வேறு இனங்களைச் சேர்ப்பது இதைவிட மோசம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பலர் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, அதற்குச் சூடும் ஈரப்பதமும் குறைவாகவே வேண்டும். ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றதற்குத் தவறாகிவிடும்.

சரி, இடம். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்று யார் சொன்னது? மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில், முன்பக்கம் நகரும் கண்ணாடி வைத்த இரண்டு பிளைவுட் பெட்டிகளைத் தச்சரிடம் செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். பீரோ பக்கத்தில் ஒரே பெட்டியின் இடம்தான் பிடிக்கும். இப்போதுள்ள தொட்டி பிறகு வேண்டாம், அம்மாவுக்கு ஒரு மேசை காலியாகும். தனிமைக் காலமான முதல் 90 நாளுக்கு, பூட்டு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும். தாளின் மேல் உண்ணியும் கழிவும் பளிச்சென்று தெரியும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஹீட் மேட், சூட்டை அளவோடு நிறுத்தும் தனி தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மறைவிடத்துக்கு மண்சட்டியைப் போல எனக்குப் பிடித்தது வேறில்லை. மானாமதுரைச் சட்டி கிடைத்தால் நல்லது. விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு உடைத்து, கூர்மை போக அரத்தால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. தனிமைக் காலம் முடிந்ததும் செய்தித்தாளுக்குப் பதில் தென்னைநார்த் தூள் போடலாம், ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

சித்திரை, வைகாசியில் கவலை நேர்மாறானது. நம் ஊர் வெயிலுக்கு மொட்டை மாடி அறை அடுப்பாகிவிடும். பெட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது. அந்த மாதங்களில் பெட்டிகளைக் கீழ்த்தளத்தில், நேர் வெயில் படாத அறையில் வைத்து ஹீட் மேட்டைப் பகலில் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பாம்பைக் கைமாற்றும் முன் பார்க்க வேண்டியது. பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் (CITES) பட்டியலில் உள்ள பிராணி. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்டவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். நண்பர் விமானம் ஏறிய பிறகு அவர் பெயரில் உள்ள பதிவோடு நீங்கள் அலைய வேண்டியிருக்கும், இப்போதே முடித்துவிடுங்கள். உங்கள் சொந்தப் பாம்பின் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டுப் பாம்பு எதுவும், மண்ணுளியோ சாரையோ மலைப்பாம்போ, வீட்டில் வளர்க்கக் கூடாது.

நண்பரிடம் பாம்பை வாங்கும்போது கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டது, எவ்வளவு பெரிய எலி, உயிருள்ளதா உறைய வைத்ததா, எப்போது சட்டை உரித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் போட்டிருந்த தூளையும் மரக்கட்டையையும் கொண்டுவர வேண்டாம். வந்த அன்றே எடை போட்டுக் குறியுங்கள். முதல் ஒரு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து, தொடாமல் விடுங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் இரையைத் தொடாமல் இருக்கலாம், இடம் மாறிய பால் பைத்தானுக்கு அது சகஜம். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். வரும்போது அந்தக் குறிப்பையும் எடுத்து வாருங்கள்.