நனைந்த மூலையில் இஞ்சின் நின்றுபோவது பற்றி

கூரை ஒழுகிப் பழைய ரயில் மாதிரியின் ஒரு மூலை நனைந்தது, அங்கே வந்ததும் இஞ்சின் திணறி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம். முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண் வேலை.

அப்புறம் தண்டவாளத்துக்கு அடியிலிருக்கும் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். மரத்துகளை அழுத்திச் செய்த துகள் பலகை ஊறி உப்பிவிட்டால், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்த இடத்தை மட்டும் அறுத்துவிட்டு ப்ளைவுட் வையுங்கள். அறுப்பதற்கு முன் மேலிருக்கும் தண்டவாளத்தைக் கழற்ற வேண்டும்; அதை வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தால் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள், ஜல்லியோடு இளகி வரும்.

இஞ்சின் நிற்பதற்கு என் சந்தேகமெல்லாம் தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புத் தகடுகள்மேல்தான். தண்டவாளம் பளபளவென்று இருக்கும், தகட்டுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மின்சாரம் ஒழுங்காகக் கடக்காது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மின்சாரம் கொண்டுவரும் தனி ஒயர் சால்டர் செய்துவிட்டால் தகட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறலில் அழுக்கு சேரும். பவரை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.