எடைக் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கு வரும் எடை சில நேரம் மட்டும் பாதியாக வருகிறது, ஏன்?

நிரலில் படிக்கும் முன் தாமதம் கொடுத்தால் கோளாறு குறைகிறது, ஆனால் நிற்கவில்லை என்கிறீர்கள். கேபிளை ஏற்கெனவே மாற்றியிருப்பீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

கரும்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் இதே கோளாறை நான் சரிசெய்தேன். புதிய கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி பொருத்தியிருந்தார்கள். தொல்லை தொடங்கியது அதன் பிறகுதான். நிரலில் கை வைக்கும் முன், வரும் ஒவ்வொரு பைட்டையும், அதாவது ஒவ்வோர் எழுத்தையும், நேரத்தோடு ஹெக்ஸ் எண்ணாக (பதினாறடிமான எண்) பதிவு செய்தேன். ஒரு பைட்டுகூடத் தொலைந்திருக்கவில்லை! 02 என்ற தொடக்கக் குறியில் தொடங்கி 03 என்ற முடிவுக் குறியில் முடிய வேண்டிய செய்தி இரண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. முந்தைய நிரலாளரோ போர்ட்டை ஒரு முறை படித்தால் (ரீட்) ஒரு முழுச் செய்தி கிடைக்கும் என்று நம்பி எழுதியிருந்தார்.

சீரியல் போர்ட்டுக்குச் செய்தியின் எல்லை தெரியாது. 9600 பாட் (baud) வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேரவே 1 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். எஃப்டிடிஐ (FTDI) நிறுவனத்தின் சிப் உள்ள யூஎஸ்பி மாற்றிகள் பைட்டுகளை இயல்பாக 16 மில்லி விநாடி வரை தேக்கி வைத்தே அனுப்பும். நடுவில் படித்தால் பாதிதான் கிடைக்கும். தொடர்ந்து எடை அனுப்பும் கருவியில் எவ்வளவு தாமதம் வைத்தாலும் எப்போதாவது ஒரு செய்தியின் நடுவில் போய் நிற்பீர்கள்.

வந்ததையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேருங்கள். 02 வரும் வரை உள்ளதைத் தள்ளுங்கள், 03 வந்த பிறகே எடையைப் பிரித்தெடுங்கள், மிச்சத்தை அடுத்த செய்திக்கு வையுங்கள். நீளமும் பொருந்தாவிட்டால் ஏற்காதீர்கள். வெறுமையாக வந்தால் ஆபரேட்டர் மீண்டும் நிறுப்பார். 18460 கிலோ 8460 ஆகப் பதிவானால் விவசாயியின் பணம் போய்விடும். இதை வெறும் நிரல் பிழை என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

கேபிள் பழுதாகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பதிவில் பைட் குறைந்தாலோ, பேரிட்டி பிழை (எழுத்து சிதைந்ததைக் காட்டும் பிழை) வந்தாலோ கேபிளையும் கிரவுண்ட் இணைப்பையும் பாருங்கள். லினக்ஸ் என்றால் வேறு நிரல் எதுவும் அதே போர்ட்டைத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு நிரல்களும் பைட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கருவியின் செய்தி அமைப்புத் தாளை விற்பனையாளர் கடைசி வரை தரவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய கருவி என்ன அனுப்புகிறது என்பதை வாங்கியவரிடமே மறைப்பது என்ன நியாயம்? அடுத்த முறை கொள்முதல் ஆணையிலேயே அந்தத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள்.